ஆணி மேலே போகவில்லை

“சாகப்போற சவத்துக்கு என்னத்துக்குட்டி பிடிகம்பி? பாடையிலயா மாட்டப்போற?”

சங்கரேஸ்வரி இப்படிக் கத்தியது போன சித்திரையில். குத்துக்கல்வலசை வீட்டுக் குளியலறை வாசலில், ஈரச் சேலையோடு நின்றுகொண்டு கத்தினாள். எதிரே மருமகள் நிவேதா, கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சுவரில் பொருத்துகிற கைப்பிடிக் கம்பி. மாமியார் குளித்துவிட்டு வெளியே வரும்போது சுவரைத் தடவித் தடவி வருவதைப் பார்த்து வாங்கி வந்திருந்தாள்.

“வழுக்கி விழுந்தா நாந்தான அத்தை அள்ளணும்? எனக்காவ மாட்டிக்கிடுங்க.”

“அள்ள வேண்டாம். அப்படியே ஒரு துணியப் போட்டு மூடிரு.”

மறுநாள் தெருவில் பழைய இரும்புக்காரன் வந்தான். கம்பி வெங்காயமாகிவிட்டது. பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை சங்கரேஸ்வரி. அந்த வெங்காயத்தை உரிக்கும்போது நிவேதா அழுதாள். நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.

சங்கரேஸ்வரி தன்னைச் சாகப்போகிறவள் என்று சொல்லிக்கொள்வது வாய்க்கொழுப்பு இல்லை. ஒரு டாக்டரே அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவள் புருஷன் வல்லிநாயகம் பம்பாயில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஆளாகப் போனவன் எலும்புக்கூடாக வந்தான். வந்த வருஷமே போய்ச் சேர்ந்தான். அப்போது இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இவளுக்கும் இருந்தது. எச்.ஐ.வி. எங்கே வாங்கி வந்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் உள்ளதைச் சொல்லியிருப்பானா அந்தப் பய? “ரெண்டு வருஷம் ஓட்டலாம்மா, அதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றார் அந்தக் காலத்து டாக்டர். அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. மகன் பேச்சிராஜ் மூன்றாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தான்.

சாவதற்கு அவள் ஒழுங்காகத் தயாரானாள். கம்மலை விற்றாள். பித்தளைப் பாத்திரங்களை நாத்தனாருக்குக் கொடுத்தாள். பையனை அண்ணன் வீரபாகு வீட்டில் விட்டாள். ஆனால் சாவு வரவில்லை. அதற்குப் பதில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்தக் கிருமியை அடக்கி வைக்கிற கூட்டு மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து விழுங்கினாள். ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்ன மாத்திரை என்று கேட்பாள் என்று உள்ளே பஞ்சு திணித்துக்கொண்டு வருவாள். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிடுவாள். ரெண்டு வருஷம் இருபது வருஷம் தாண்டியது. பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டாள், அவன் வளர்ந்து பட்டாளத்துக்குப் போனான், கல்யாணத்துக்கு முன்னாலேயே நிவேதாவிடம் அம்மா விஷயத்தைச் சொல்லித்தான் கட்டினான். வீட்டில் அந்த ரெண்டு பேரைத் தவிர ஊரில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

ஆனால் அந்த ரெண்டு வருஷக் கணக்கு மட்டும் அவள் மண்டையை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு எது வாங்கினாலும் மட்டமானதாகத்தான் வாங்குவாள். ஒரு மழைக்குத் தாங்கும் செருப்பு. காலொடிந்த நாற்காலிக்குக் கயிற்றுக் கட்டு. “நான் என்ன நூறு வருஷமா இருக்கப்போறேன்?” என்பாள்.

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் அவளுக்கு ஒரு தகரக் கொட்டகைக் கடை. சீயக்காய்ப் பாக்கெட், ஷாம்பு, சோப்பு, சீப்பு. பக்கத்துக் கடை ஹைருன் பீவியுடையது. துண்டு, நைட்டி, எண்ணெய் பாட்டில் விற்பாள். சாரல் பிடித்துவிட்டால் ரெண்டு பேருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. சங்கரேஸ்வரி சோப்போடு சேர்த்து யோசனையும் விற்பாள். மெட்ராஸ்காரி யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் விடமாட்டாள்.

“தலையக் குடுக்காதிய, முதுகக் குடுங்க. பாறைய ஒட்டி நின்னா சவசவன்னு விழும். ரெண்டடி முன்னால வாங்க, அங்கன விழுதுல்லா அதுதான் தண்ணி. நாலு சாத்து சாத்துச்சின்னா பத்து வருஷத்து வலியெல்லாம் கழண்டு ஓடிரும்.”

ஊரே அப்படித்தான் நம்புகிறது. கை வலி, கழுத்து வலி, எதுவானாலும் அருவியில் கொண்டு காட்டு. அடிக்கிற அடியில் சரியாகிவிடும்.

இந்த வருஷம் பங்குனியிலிருந்தே அவளுக்கு முதுகு வலித்தது. சரக்கு மூட்டை தூக்கியது என்று நினைத்தாள். வைகாசி கடைசியில், சீசனுக்கு நிவேதாவையும் கூட்டி வந்து கடையைத் துடைத்துத் திறந்த அன்று, சாவியை மாட்ட ஆணியைத் தேடிக் கையை நீட்டினாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள். முதுகில் சுரீர் என்றது.

“ஏட்டி நிவேதா! என் ஆணிய எவ மேல ஏத்தி அடிச்சா?”

“யாரும் தொடலையே அத்தை.”

“பொய் சொல்லாத. நான் கைய நீட்டி, எட்டுன இடத்துல நானே அடிச்ச ஆணி. இப்பம் நாலு விரக்கடை மேல நிக்கி. வெள்ளையடிக்க வந்தவன்கிட்ட நீதான் சொல்லியிருப்ப. கிழவி எட்டிப் பறக்கட்டும்னு!”

ஹைருன் பீவி தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஒன் மருமவளுக்கு வேற சோலி இல்ல பாரு. ஆணியப் பிடுங்கி அடிக்கத்தான் டிகிரி படிச்சிருக்கா.”

“நீ சும்மா கெட, பீவி.”

ஆனி மாதத்தில் ஒரு வாரம் வெள்ளம். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி அருவியை அடைத்துவிட்டார்கள். திறந்த அன்று விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டம் இல்லை, தண்ணீர் மட்டும் யானைத் தண்டிக்குக் கொட்டியது. சங்கரேஸ்வரிக்கு அந்த வாரம் முழுக்கப் புரண்டு படுக்க முடியாத வலி. ஊருக்கெல்லாம் சொன்ன வைத்தியத்தைத் தனக்குச் செய்துகொள்ளப் புறப்பட்டாள். பொம்பளைகள் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறையை விட்டு ரெண்டடி முன்னால் வந்து, முதுகைக் கொடுத்தாள்.

முதல் சாத்து சுகமாக இருந்தது. ரெண்டாவது சாத்தில் உள்ளே ஏதோ காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது. அவளுக்குத் தெரிந்தது சத்தம் இல்லை, அந்த முறிவுதான். கம்பியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து கத்தினாள். அருவி இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் இவள் ஆனந்தத்தில் கத்துகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்க வந்தாள்.

ஹைருன் பீவி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். விற்க வைத்திருந்த ஒரு நைட்டியை உறை பிரித்து இவளுக்கு மாட்டி, ஆட்டோவில் படுக்க வைத்து, தென்காசியில் எலும்பு டாக்டர் முத்துகுமரனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நிவேதா அங்கே வந்து சேர்ந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“எங்கேருந்து விழுந்தீங்க?”

“விழலைய்யா. அருவியில நின்னேன்.”

“வழுக்கிச்சா?”

“நின்னேன்னு சொல்லுதேன். தண்ணி விழுந்துச்சு. அம்புட்டுத்தான்.”

டாக்டருக்கு அது சரியாகப் படவில்லை. முதுகெலும்பில் ஒரு கட்டை புதிதாக நொறுங்கியிருந்தது. அதற்கு மேலே ரெண்டு கட்டைகள் ஏற்கெனவே நசுங்கி, மிதித்த தீப்பெட்டி மாதிரி தட்டையாகிக் கிடந்தன. அது பழசு, பல மாதத்துச் சங்கதி என்றார். “சமீபத்துல உயரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சா?”

சங்கரேஸ்வரி முறைத்தாள். உயரம் குறைய அவள் என்ன மெழுகுவர்த்தியா? நிவேதாவுக்குத்தான் சட்டென்று பட்டது. “டாக்டர், கடையில ஒரு ஆணி...” என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள்.

டாக்டர் கேட்டுவிட்டுச் சொன்னார். “ஆணி மேலே போகலைம்மா. நீங்கதான் கீழே வந்திருக்கீங்க.”

சங்கரேஸ்வரிக்கே தெரியாமல், வலியைத் தவிர வேறு அடையாளம் இல்லாமல், உள்ளே எலும்பு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பாவம் ஆணியை ஏற்றி அடித்ததாக மருமகளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அறுபத்தோரு வயசுக்கு இது எண்பத்தஞ்சு வயசு எலும்பு. இப்படி ஆகுறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும். வேற ஏதும் வியாதி இருக்கா? தொடர்ந்து ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

நிவேதா மாமியாரைப் பார்த்தாள். ஹைருன் பீவி கட்டில் தலைமாட்டில், நனைந்த சேலையைப் பிழிந்து மடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள் சங்கரேஸ்வரி. “ஒரு தலைவலி மாத்திரை கெடையாது.”

அவர் என்ன செய்வார் பாவம்? காரணமே இல்லாமல் எலும்பு நொறுங்கினால் டாக்டர்கள் எதை நினைப்பார்களோ அதை நினைத்தார். வெளியே நிவேதாவைக் கூப்பிட்டு, வேறு எங்காவது புற்று இருந்து எலும்புக்குப் பரவியிருக்கலாம், திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் பார்த்துவிட வேண்டும், தேவைப்பட்டால் முதுகெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஹைருன் பீவியின் காதுக்கு அந்தக் கதவு ஒரு பொருட்டா?

சாயங்காலத்துக்குள் குற்றாலத்துக் கடை வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. சங்கரேஸ்வரிக்குப் புற்றுநோய்.

முதுகுப் பட்டை கட்டி வீட்டில் கிடந்தவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ் வந்தது, சாத்துக்குடி வந்தது. பஜ்ஜிக் கடைக்காரி கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹைருன் பீவி பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டு வந்து, ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுத்தாள். சங்கரேஸ்வரி படுத்தபடி எல்லோருக்கும் பதில் சொன்னாள். குரல்கூடக் கொஞ்சம் நொய்மையாகிவிட்டது. நிவேதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கிழவி சந்தோஷமாக இருந்தாள்!

வந்தவர்கள் போன பிறகு அவளே சொன்னாள். “நல்ல நோய்ட்டி இது. வாய்விட்டுச் சொல்லலாம். அந்த நோய்க்கு ஒருத்தியும் ஒரு சாத்துக்குடி கொண்டுவரல. கொண்டுவர நான் விட்டாத்தான?”

“அத்தை, உங்களுக்குப் புத்துநோயும் இல்ல ஒண்ணும் இல்ல. கூட்டு மாத்திரைய டாக்டர்ட்ட சொல்லுங்க. அதுக்கும் எலும்புக்கும் சம்பந்தம் உண்டும்னு போன்ல படிச்சேன்.”

“ஒன் போன அடுப்புல போடு. சொன்னேன்னு வையி, அந்த எலும்பு டாக்டரு என்னைத் தொடுவானா? பீவி இந்த வாசப்படிய மிதிப்பாளா? கடைக்கு ஒருத்தி சோப்பு வாங்க வருவாளா? புத்துநோயிலயே போயிருதேன். கௌரவமாப் போயிருதேன்.”

“ஒங்க மகன்ட்ட நான் என்ன சொல்ல?”

“அம்மா செத்துட்டான்னு சொல்லு. இருபது வருஷமா எதிர்பாத்துக்கிட்டுத்தான இருக்கான்.”

நிவேதா தட்டை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஹைருன் பீவியும் கூட வந்தாள். வேண்டாம் என்றாலும் வந்தாள். பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஊசி எப்படிப் போடுவார்கள், எங்கே போடுவார்கள் என்று விளக்கினார். சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் சந்தை விலை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

“அந்தப் புத்துநோய்தான்னா எனக்கு எம்புட்டு நாளு?”

“இப்பவே சொல்ல முடியாதும்மா. பரவியிருந்தா... ஒரு ஆறு மாசம், ஒரு வருஷம்...”

அவ்வளவுதான் அவர் சொன்னார். சங்கரேஸ்வரி மேஜை விளிம்பைப் பிடித்தாள். சாகப்போகிறவள் சாகப்போகிறவள் என்று இத்தனை வருஷம் வாய் கிழியச் சொன்னவளுக்கு, சாவு நிஜமாகவே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்ததும் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. எனக்குச் சாக வேண்டாம், என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. போன சீசனில் அடுத்த சீசனுக்கென்று அரை விலையில் வாங்கிப் போட்ட சீயக்காய் மூட்டை ஞாபகம் வந்தது. பேச்சிராஜ் லீவுக்கு வருவது ஞாபகம் வந்தது.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கு,” என்றாள். “இருபது வருஷத்துக்கு மேல கூட்டு மாத்திரை திங்கேன்.”

பின்னால் ஹைருன் பீவி நின்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. சொன்னதைத் திரும்ப அள்ள முடியுமா?

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் டாக்டர்.

“சொன்னா தொட்டுப் பாத்திருப்பியளோ?”

“பாத்திருப்பேன்.”

“இப்பம் சொல்லுதிய.”

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து முதுகுப் பட்டையை அவிழ்த்து, எலும்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார். அந்தக் கிருமியை மாத்திரை அடக்கி வைத்திருந்தாலும் உடம்புக்குள் சின்னதாக ஒரு கனல் இருந்துகொண்டே இருக்கும், அது எலும்பைச் சீக்கிரம் மூப்பாக்கும். தீட்டு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு எப்படியும் தேயும். போதாததற்கு, கூட்டு மாத்திரையில் இருக்கிற மருந்துகளில் ஒன்றுக்கு எலும்பின் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற குணம் உண்டு, சிலருக்குச் சிறுநீரகத்தையும் தொடும்.

“அப்பம் என்னைக் காப்பாத்துன மாத்திரையே என் எலும்பத் தின்னுச்சா?”

“அந்த மாத்திரை இல்லைன்னா எலும்பு தேயுற வயசுக்கே நீங்க வந்திருக்க மாட்டீங்க. நீங்களா நிறுத்திராதீங்க. அங்க டாக்டர்ட்ட இந்த எக்ஸ்ரேயக் காட்டுங்க, மாத்த வேண்டியத அவங்க பாத்து மாத்துவாங்க.”

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இருந்தது. நிறையவே இருந்தது. “நான் சீனி அள்ளித் தின்னவளா? ஒடம்பப் பாருங்க, ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கேன்!” என்று சண்டைக்குப் போனாள். ஒல்லியான உடம்புக்கும் வரும் என்றார் டாக்டர். இந்த வியாதியோடு வயதானவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, எலும்பு மூன்றையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதினார். அதையும் கூட்டு மாத்திரையையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று மறித்துவிடும், அங்கே கேட்டுக்கொண்டு போடுங்கள் என்றார். ஊசியை ஒத்தி வைத்தார். ஸ்கேன் மட்டும் எடுத்துவிடலாம் என்றார். பிறகு எடுத்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது.

அவள் அதையெல்லாம் பாதிதான் கேட்டாள். காது பின்னால் நின்ற ஹைருன் பீவியிடம் இருந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நிவேதா மருந்து வாங்கப் போனாள். ஹைருன் பீவி பிளாஸ்கைத் திறக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. முகம் சுண்டியிருந்தது.

“போறதுன்னா போ பீவி,” என்றாள் சங்கரேஸ்வரி. “நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“அதுக்குத்தானா?” என்றாள் ஹைருன் பீவி.

“எதுக்கு?”

“பதினாறு சீசன். ஒரு நாளாவது என் கப்புல டீ குடிச்சிருக்கியாட்டி? ஊத்திக் குடுத்தா ‘வேண்டாம், நெஞ்சு கரிக்கி’ம்ப. நான் முஸ்லிம்னு நீ குடிக்க மாட்டேங்கன்னு நெனச்சேன். எத்தனை நாள் எங்க வீட்டுல சொல்லி வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? நல்லாத்தான் பேசுதா, கப்பத் தொட மாட்டேங்கான்னு.”

எலும்பு ஒடிந்தபோதுகூட சங்கரேஸ்வரி இப்படி அதிரவில்லை. கப்பில் எல்லாம் அந்த நோய் தொற்றாது என்று அவளுக்கு மாத்திரை கொடுக்கிற இடத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். தெரியும். இருந்தாலும், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் ‘என் கப்புல குடிச்சாளே பாவி’ என்று பீவி காறித் துப்பக் கூடாதே என்றுதான் தள்ளி வைத்தாள். அவள் தள்ளி வைத்தது தன்னை. பீவிக்குத் தெரிந்தது வேறு.

“ஐயோ பீவி,” என்றாள். “அப்படியா நெனச்ச?”

“வேற எப்படி நெனைக்க? நீ வாயத் தொறந்து சொன்னியா? ஊரு வலிக்கெல்லாம் வைத்தியம் சொல்லத் தெரியுது.” ஹைருன் பீவி பிளாஸ்கைத் திருகினாள். மூடியில் டீயை ஊற்றித் தான் ஒரு வாய் குடித்தாள். அதை அப்படியே நீட்டினாள். “குடி. சீனி போட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் ஒன் சர்க்கரை செத்துப்போகாது.”

சங்கரேஸ்வரி குடித்தாள்.

கூட்டு மாத்திரை கொடுக்கிற இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். எல்லாம் எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, “எலும்ப நல்லாப் பாத்துக்கிடுங்க. கிருமி அடங்கித்தான் இருக்கு. நீங்க இன்னும் இருபது வருஷம் இருக்கணும்லா?” என்றாள்.

சங்கரேஸ்வரி திகைத்துப்போய் நிவேதாவைப் பார்த்தாள். “இருபது வருஷமாம்ட்டி,” என்றாள். யாரோ தலையில் பெரிய மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது முகம். “நான் என்னத்தைச் செய்ய அம்புட்டு வருஷத்த?”

“எங்களைத் திட்டுங்க,” என்றாள் நிவேதா. “வேற என்ன?”

ஐப்பசியில் முதுகுப் பட்டை கழன்றது. கடையில் நிவேதா ஆணியைப் பிடுங்கி நாலு விரற்கடை கீழே அடித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற வயதான பொம்பளைகளிடம் சங்கரேஸ்வரி இப்போது வேறு யோசனை சொல்கிறாள். “பாறைய ஒட்டியே நில்லுங்க. முன்னால போகாதிய. போறதுக்கு முந்தி எலும்ப ஒருக்கா படம் எடுத்துப் பாத்துக்கிடுங்க.” சோப்பு வாங்க வந்தவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஹைருன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு தென்காசியில் ஒரு பாத்ரூம் சாமான் கடைக்குப் போனாள். நிவேதாவிடம் சொல்லவில்லை. கைப்பிடிக் கம்பி வேண்டும் என்றாள். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

“இது எத்தன வருஷம் வரும்?”

“இது சாதா ஆச்சி. ஒரு வருஷம் வாரண்டி. நானூத்தி அம்பது.”

“ஒரு வருஷமா? நான் என்ன நாளைக்கே சாகப்போறேனா? வேற காட்டும்.”

அவர் வேறொன்றை எடுத்தார். அஞ்சு வருஷம். அதையும் தள்ளினாள். கடைசியில் பரணிலிருந்து, தூசி தட்டி, கனமான ஒரு கம்பியை இறக்கினார்கள். பதினைந்து வருஷம் வாரண்டி, துருவே பிடிக்காது என்றார் கடைக்காரர். சங்கரேஸ்வரி அதைக் கவுண்டரில் ஊன்றி, தன் பாரம் முழுக்கக் கொடுத்துச் சாய்ந்து பார்த்தாள். பீவியையும் சாய்ந்து பார்க்கச் சொன்னாள்.

“பதினஞ்சுக்குப் பொறவு அஞ்சு வருஷம் இருக்கே, அதுக்கு என்ன செய்ய?” என்று கேட்டாள்.

கடைக்காரர் பீவியைப் பார்த்தார்.

“அவளுக்குப் பில்லைப் போடுங்க அண்ணாச்சி,” என்றாள் ஹைருன் பீவி.

இரண்டாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.